மொட்டைப் பாத்தியில் மரம் நடாதீர்கள்

இன்று காலை ஒன்பதரை மணி நிலவரப்படி மொட்டைப் பாத்தியில் குழி எதுவும் தோண்டப்படவில்லை. இதை எனக்கு உறுதி செய்தவர் பண்ணை மேலாளர். ஆனால் குழி எங்கெங்கே வர வேண்டும் என்று அடையாளம் போட்டாகிவிட்டது. பன்னிரண்டு வட்டங்கள். நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் இந்த மேடைக்கு வருகிறேன். மரக்கன்றுகள் டிராக்டர் கொட்டகை நிழலில் வரிசையாக நிற்கின்றன. பக்கத்தில் தொழு உரம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. தோண்டும் ஆட்கள் புதன்கிழமை பிற்பகல் வருகிறார்கள்.

மேடையில் இருக்கும் இயக்குநர் அவர்களே, ஊழியர் சங்கத் தலைவர் அவர்களே, மறைந்தவரின் துணைவியாராக முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மா அவர்களே, அவருடைய மகளே, ஆய்வகத்திலிருந்தும் பண்ணையிலிருந்தும் வந்திருக்கும் தோழர்களே, வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் விவசாயிகளே, வணக்கம்.

இரங்கல் கூட்டத்தில் பேச எழுந்தவன் குழி, மூட்டை என்று தொடங்குகிறானே என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. வேறு எப்படித் தொடங்குவேன்? ஒரு மனிதர் இருபத்தாறு ஆண்டு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்த ஒன்றை, அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், அவருடைய பெயரைச் சொல்லியே அழிக்கப் போகிறோம். அதற்கு நாள் குறித்தாயிற்று. அழைப்பிதழ் அடித்தாயிற்று. 'மண்ணைக் காத்த மாமனிதர் நினைவுப் பசுமைப் பூங்கா' என்று இதோ என் தலைக்கு மேலேயே பேனர் தொங்குகிறது. இதைப் பார்த்துக்கொண்டே அவருடைய பெருமைகளை நான் எந்த வாயால் பாடுவது?

முதன்மை மண் ஆய்வாளர், முனைவர், இந்த நிலையத்தின் மண்ணியல் துறை முன்னாள் தலைவர். பட்டங்களை எல்லாம் எனக்கு முன் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் இந்த வளாகத்தில் எல்லோரும் அழைத்த பெயரிலேயே அழைக்கிறேன். மொட்டை சார். தலையில் கடைசி நாள் வரை சீப்பு இறங்காத முடி. ஆனாலும் மொட்டை சார். அந்தப் பாத்தியால் வந்த பெயர்.

எனக்கு முன்னால் ஆறு பேர் பேசினார்கள். ஆறில் நான்கு பேர் அவர் மரங்களை உயிராக நேசித்தவர் என்றார்கள். நான் செய்தி எழுதிப் பிழைப்பவன். ஆதாரம் என்ன என்று கேட்டுப் பழகிவிட்டது. யார் சொன்னது? எப்போது சொன்னார்? எனக்குத் தெரிந்து அந்தப் பாத்தியில் ஒரு மர விதை முளைத்தால், இலை இரண்டு விடுவதற்குள் பிடுங்கி எறிந்தவர் அவர். புல், பூண்டு, கீரை, கொடி எதையும் விட்டதில்லை. காற்றில் பறந்து வந்த சருகைக்கூடப் பொறுக்கி வேலிக்கு வெளியே போட்டார். ஓய்வு பெற்ற பிறகும், வாசலில் காவலாளியிடம் விருந்தினர் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்து பொறுக்கினார். முன்னாள் தலைவருக்கு விருந்தினர் சீட்டு! அதையும் சட்டைப்பையில் குத்திக்கொண்டு குனிந்து சருகு பொறுக்கினார்.

ஏன்?

இந்தக் கேள்வியை இந்த நிலையத்தில் எத்தனை பேர் கேட்டீர்கள்? அதைச் சுத்தப்படுத்துகிறேன், அழகுபடுத்துகிறேன், பசுமையாக்குகிறேன் என்று புறப்பட்டவர்கள் எத்தனையோ பேர். கேட்டவர்கள் எத்தனை பேர்?

அவர் எனக்குச் சொன்னதை உங்களுக்குச் சொல்கிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர்கள் இருந்தால் அந்த வட்டங்களை யார் போட்டது என்பதையும் பிறகு எனக்குச் சொல்லுங்கள்.

இலையும் வேரும் சாணமும் மண்ணுக்குள் போய் மக்கி, கருத்து, மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கொள்கிறதே, அதைத்தான் கரிமப் பொருள் என்கிறோம். மண்ணைக் கட்டியாகப் பிடித்து வைப்பது அது. மழைத் தண்ணீரைத் தாங்கி வைப்பது அது. பயிருக்குச் சத்தை இருப்பு வைப்பதும் அதுதான். குளிர் நாட்டில் இது மெதுவாகக் கரையும். அங்கே பாதி வருஷம் மண் உறைந்து கிடக்கிறது. மண்ணுக்குள் இருக்கும் நுண்ணுயிர்களும் அடங்கிக் கிடக்கின்றன. நம்முடையது வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கிற பூமி. "இங்க அதுங்களுக்கு லீவே கிடையாதுய்யா," என்பார் மொட்டை சார். "ஞாயித்துக்கிழமைகூட வேலை. போட்டதை எல்லாம் தின்னுக்கிட்டே இருக்கும்."

அப்படியானால் நம் மண் எவ்வளவு வேகமாகத் தின்கிறது? ஒரு விவசாயி ஒரு போகத்துக்கு எவ்வளவு தட்டை, எவ்வளவு எரு திருப்பிக் கொடுத்தால் இருப்பு குறையாமல் நிற்கும்? இதைத் தெரிந்துகொள்ள ஒரே நேரான வழி, ஒரு நிலத்துக்கு வரும் சாப்பாட்டை முழுவதும் நிறுத்திவிட்டு, அது எப்படி இளைக்கிறது என்று வருஷா வருஷம் அளந்து பார்ப்பது. செடி கூடாது. வேர் கூடாது. சருகு கூடாது. அதுதான் மொட்டைப் பாத்தி. இங்கே புதர்க்காடாக இருந்த இடத்தை வெட்டித் திருத்திய நாளில் அவர் பிரித்த மூன்று பாத்திகளில் அது ஒன்று. அதற்கு இடப்பக்கம் எரிப்புப் பாத்தி: சோளம் அறுத்து, தட்டையை எரித்து, ஆழ உழுவது. வலப்பக்கம் மூடாக்குப் பாத்தி: தட்டையை அப்படியே பரப்பிவிட்டு, உழாமல் துளை போட்டு விதைப்பது, இடையில் ஒரு போகம் பயறு. நடுவில் மொட்டை. எதுவும் செய்யாத நிலம் என்று நீங்கள் நினைக்கிற அந்த நிலத்தில்தான் மூன்றிலும் அதிக வேலை நடந்திருக்கிறது.

அந்த வேலையைச் செய்தவர் இங்கேதான் இருக்கிறார். கடைசி வரிசையில், கதவோரம். களைக்கொத்தும் கையுமாகவே பார்த்ததால் கொத்தக்கா என்று எல்லோரும் கூப்பிடும் அம்மா. ஒருமுறை அவரிடம் பேட்டி எடுத்தேன். "உலகத்துல விதைக்காத நெலத்துல களை எடுக்குற ஒரே ஆளு நான்தான் சார்," என்றார். "எங்க வீட்டுக்காரரு கேக்குறாரு, என்னடி வேலை பாக்குறேன்னு. எதுவும் வளராமப் பாத்துக்குறேன்னு சொன்னேன். அதுக்கா சம்பளம் தர்றாங்கன்னு சிரிக்குறாரு."

இப்போது நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் அந்த வேலையின் பலனைக் கேளுங்கள். தொடங்கும்போது நூறு பங்கு மண்ணில் மூன்று பங்கு கரிமப் பொருள். மொட்டைப் பாத்தியில் ஐந்தே ஆண்டில் அது இரண்டுக்குக் கீழே போய்விட்டது. குளிர் நாட்டுப் புத்தகங்களில் தலைமுறைக் கணக்கில் நடக்கிற இழப்பு. அன்று வரை நம் விவசாயிகளுக்குக் கொடுத்துவந்த கையேட்டில் என்ன எழுதியிருந்தது? மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எரு போட்டால் போதும் என்று எழுதியிருந்தது. எங்கிருந்து எடுத்த கணக்கு? பனி பெய்கிற ஊரிலிருந்து எடுத்த கணக்கு! இங்கே அந்த எரு அடுத்த மழைக்காலத்தைத் தாண்டுவதே பெரும்பாடு. கையேட்டை மாற்றச் சொல்லி மொட்டை சார் தலைமையகத்துக்கு எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். 'தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது' என்று வந்தது. நேரில் போனார். "எல்லா நாட்டுலயும் ஒத்துக்கிட்ட கணக்கு சார் இது, நீங்க மட்டும் ஏன் தனியா நிக்கிறீங்க?" என்று கேட்டாராம் அங்கே இருந்த அதிகாரி. அதற்கு இவர், "ஏன்னா நான் மட்டும்தான் சார் வெயில்ல நிக்கிறேன்," என்றிருக்கிறார். மூன்றாவது பதிப்பில் கையேடு மாறியது. பல வருஷம் கழித்து.

இவ்வளவுக்கும் அவர் எதையும் பெரிதாக்கிச் சொன்னவர் அல்லர். இதையும் நான் பதிவு செய்தாக வேண்டும். மூடாக்குப் பாத்தியின் மேல்மண்ணில் கரிமம் இரட்டிப்பாகிவிட்டது என்று தலைமையகத்தில் ஒருமுறை ஆரவாரம் செய்தார்கள். பரிசு அறிவிக்கவும் தயாராக இருந்தார்கள். இவர் என்ன செய்தார்? "மேல ஒரு சாண் மட்டும் பாத்துட்டுக் கை தட்டாதீங்க," என்று இன்னும் ஆழமாகத் துளை போட்டு மாதிரி எடுத்தார். கீழே போகப் போக உழுத பாத்திக்கும் உழாத பாத்திக்கும் வித்தியாசம் சுருங்கிவிட்டது. உழும்போது சருகு கீழே புதைகிறது, உழாதபோது மேலேயே தங்குகிறது. மொத்தக் கணக்கில் மூடாக்கு முன்னால்தான் நின்றது. ஆனால் இரட்டிப்பு எல்லாம் இல்லை. இதைத் தன் கைப்பட எழுதி அனுப்பினார். பரிசு போயிற்று. தன் வெற்றியைத் தானே குறைத்துக்கொண்டு, அது சரியாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்த மனிதரை வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா?

அப்படிப்பட்டவரை நாம் எப்படி நடத்தினோம்! ஓர் அமைச்சர் வருகிறார் என்று அப்போதைய இயக்குநர் ஒரே பிற்பகலில் அந்தப் பாத்தி முழுக்கப் பூச்செடி நட்டார். பாதையிலிருந்து பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம். மொட்டை சார் வெளியூரிலிருந்து வந்து பார்த்துவிட்டு, உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினார். அமைச்சரின் கார் உள்ளே நுழையும்போது துறைத் தலைவர் முழங்கால் மண்ணோடு, கையில் பூவோடு நிற்கிறார். தன்னை வரவேற்கத்தான் நிற்கிறார் என்று அமைச்சர் அதை வாங்கிக்கொண்டார். வேரோடு!

பிறகு ஒரு பத்திரிகை 'பராமரிப்பின்றிப் பாழாகும் ஆய்வு நிலம்' என்று படம் போட்டது. அதைப் பார்த்துத் தலைமையகம் விளக்கம் கேட்டது. பிறகு ஒரு கணக்குத் தணிக்கையாளர் வந்து, பயிரே இல்லாத நிலத்துக்கு ஏன் களையெடுப்புக் கூலி என்று குறிப்பு எழுதினார். ஒவ்வொன்றுக்கும் இவர் பதில் எழுதினார். ஒரு பயிர் விளையாத நிலத்துக்காக அவர் எழுதிய பதில்களைக் குவித்தால் ஒரு பாத்திக்கு மூடாக்குப் போடலாம்.

இதில் ஒன்றை மட்டும் என்னால் கோபமாகச் சொல்ல முடியாது. வேலியோரத்துப் பெரியவர் இங்கே வந்திருக்கிறார். கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணே, சொல்லிவிடுகிறேன். ஒரு விடுமுறை நாளில் இவர் தன் மாட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு வண்டி சாணி எருவைக் கொண்டுவந்து மொட்டைப் பாத்தியின் மூலையில் கொட்டிப் பரப்பிவிட்டுப் போய்விட்டார். காசு கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "கவர்மெண்ட் நெலம்னாலும் நெலம்தானே சார். பத்து வருஷமா ஒரு பச்சை இல்லாமக் கெடக்குது. பாக்கப் பாவமா இருந்துச்சு," என்றார்.

மொட்டை சார் அவரைத் திட்டவில்லை. "அண்ணே, நீங்க செஞ்சது நல்ல காரியம்தான். செஞ்ச எடம்தான் தப்பு," என்றார். பிறகு மூன்று பாத்தியிலிருந்தும் ஒரு கட்டி மண் எடுத்து, மூன்று டம்ளர் தண்ணீரில் போட்டுக் காட்டினார். மூடாக்குக் கட்டி அப்படியே உட்கார்ந்திருந்தது. எரிப்புப் பாத்தியின் கட்டி கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தது. மொட்டைக் கட்டி சர்க்கரை மாதிரி கரைந்து, தண்ணீர் சேறாகிப் போனது. "உங்க நெலத்துல எது மாதிரி இருக்குண்ணே?" என்று கேட்டார். பெரியவர் தன் வயலிலிருந்து ஒரு கட்டி கொண்டுவந்தார். சரிந்தது.

உடனே பெரியவர் தட்டை எரிப்பதை நிறுத்திவிட்டார் என்று நான் சொன்னால் கூட்டத்தில் கை தட்டுவீர்கள். நிறுத்தவில்லை! அதற்குப் பிறகும் பல போகம் எரித்தார். "அடுத்த வெதைப்புக்கு நாள் இல்ல சார், வெட்டிப் போட ஆள் இல்ல, தட்டைக்குள்ள எலி வேற" என்றார். அத்தனையும் நிஜம். அதையும் மொட்டை சார் மறுக்கவில்லை. பாதி வயலை மட்டும் எரிக்காமல் விட்டுப் பாருங்கள் என்றார். இன்றைக்கும் அவர் பாதிதான் விடுகிறார். இல்லையா அண்ணே? தலையாட்டுகிறார். பாதியாவது விட வைத்தது எது? பிரசுரமா? பேனரா? அந்தக் கரைந்துபோன கட்டிதான். அந்த மூலையிலிருந்து எருவைச் சுரண்டி எடுத்தும் அந்த இடம் கெட்டது கெட்டதுதான். அந்த மூலையைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டார்கள். ஒரு வண்டி எருவுக்கே இந்தக் கதி.

இப்போது பன்னிரண்டு குழி. குழிக்கு ஒரு மூட்டை தொழு உரம். அதற்கு மேல் மரம். அதற்குக் கீழே வேர். இருபத்தாறு ஆண்டாகப் பட்டினி போட்டு, இனியும் கரையாமல் களிமண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கடைசிக் கரிமம் எவ்வளவு என்று பார்க்கிற நேரத்தில் இந்த விருந்து. காய்ச்சல் பார்க்க வாயில் கருவியை வைத்திருக்கிறவனுக்கு இடையில் வெந்நீர் கொடுப்பது மாதிரி. அது மட்டுமா? வட்டம் எதால் போட்டிருக்கிறீர்கள்? சுண்ணாம்புத் தூளால்! மண் ஆய்வு நிலையத்தில், ஆய்வு நிலத்தின் மேல், மண்ணின் காரத்தை மாற்றுகிற சுண்ணாம்பு! ஒரு கயிறும் நான்கு குச்சியும் கிடைக்கவில்லையா உங்களுக்கு?

இயக்குநர் அவர்கள் ஏதோ சொல்கிறார். சொல்லுங்கள் சார். "ஓரமா நாலு மரம் மட்டும் வெச்சுக்கலாமா" என்கிறார். ஓரம் என்று வேருக்குத் தெரியாது சார். சருகுக்கும் தெரியாது.

நான் இயக்குநரைக் குற்றம் சொல்லவில்லை. அவர் இங்கே பொறுப்பேற்று நான்கு மாதம். சனிக்கிழமை அவர் அறையில் பேசினேன். "எனக்கு யாருமே சொல்லல சார். வளாகத்துல காலியா இருக்குற ஒரே எடம்னு வரைபடத்துல போட்டிருக்கு. அவரு பேர்ல நல்லதா ஏதாவது செய்யணும்னுதான் நெனச்சேன்," என்றார். நம்புகிறேன். வரைபடத்தைப் பார்த்தேன். 'காலி இடம்' என்றுதான் போட்டிருக்கிறது. அப்படியானால் நிறுத்திவிடுங்களேன் என்றேன். "குடும்பத்தோட சம்மதத்தோட குழுவுல வெச்ச தீர்மானம். நானா நிறுத்த முடியாது. குடும்பம் வேணாம்னு சொன்னா, புதன்கிழமைக் குழுவுல வெச்சு நிறுத்திடுறேன்," என்றார்.

அதனால் வீட்டுக்குப் போனேன். அம்மாவின் அனுமதியோடும் மகளின் அனுமதியோடும்தான் இதைச் சொல்கிறேன்.

வீட்டு வாசலில் நுழைந்தால் தோட்டம். கால் வைக்க இடமில்லை. தொட்டி, கொடி, பந்தல். அம்மா சிரித்தார். "அங்க புடுங்கினதுக்கெல்லாம் இங்க பரிகாரம்ணா. புல்லு முளைச்சா அங்க அவருக்குத் தூக்கம் வராது. இங்க முளைக்கலைன்னா தூக்கம் வராது," என்றார். "என்னைக் கேட்டா, அவரு சொன்னதுல பாதி எனக்குப் புரிஞ்சதே இல்ல. அந்த நெலத்துல யாரையும் கால் வைக்க விட மாட்டாருன்னு மட்டும் தெரியும். மரம் நட்டா அவருக்குப் பிடிக்காது. ஆனா கையெழுத்துப் போட்டது இவ. இவகிட்டயே பேசுங்க."

மகள் பல் மருத்துவர். வேறு ஊரில் இருக்கிறார். காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார். "மாமா, நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு தெரியும். நான் சின்ன வயசுல இருந்து கேட்டதுதான். எங்க வீட்ல அந்த நெலத்துக்குத்தான் மூத்த புள்ள மரியாதை. என் பள்ளிக்கூட விழாவுக்கு அப்பா வரல. ஏன்னா முந்தின நாள் மழை. மழை பெஞ்சா களை முளைக்கும். என் பல் டாக்டர் பட்டத்துக்கு வந்தாரு, பாதியில கெளம்பிட்டாரு. எனக்கு அப்பா ஞாபகம் வந்தா போய் நிக்க ஒரு எடம் வேணும் மாமா. ஒரு நெழல். அந்த மொட்டைல நின்னா மண்டை வெடிக்கும்."

எல்லோர் மீதும் எனக்கு எரிச்சல் உண்டு. அந்தப் பெண் மீது இல்லை. அவர் கேட்பது நியாயம்.

எரிச்சல் யார் மீது என்று கேட்டால், மொட்டை சார் மீதுதான்! ஆமாம், இன்றைக்குத்தான் சொல்கிறேன், அவர் படத்தைப் பார்த்தே சொல்கிறேன். ஐயா, இருபத்தாறு ஆண்டில் அங்கே ஒரு பலகை வைக்க உங்களுக்கு நேரம் கிடைக்கவில்லையா? எத்தனை முறை கேட்டிருப்பேன்! "பலகை வெச்சா படிக்க வருவானுங்க. படிக்க வந்தா மிதிப்பானுங்க. கேக்குறவனுக்குச் சொல்றேன், போதும்," என்பீர்கள். கேட்காதவர்கள்தானே ஐயா நட்டார்கள், கொட்டினார்கள், குறிப்பு எழுதினார்கள்! வரைபடத்தில் ஒரு பெயர் எழுதச் சொல்லியிருக்கக் கூடாதா? அடுத்து யார் பார்த்துக்கொள்வார் என்று ஒரு ஏற்பாடு செய்திருக்கக் கூடாதா? பெற்ற மகளிடம், இது உனக்குப் போட்டியாக வந்த பிள்ளை இல்லை அம்மா என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், உட்கார்ந்து பேசியிருக்கக் கூடாதா? மண்ணுக்கு என்ன கொடுத்தால் என்ன நிற்கும் என்று நூறில் ஒரு பங்கு வரை அளந்தீர்களே!

மன்னியுங்கள் அம்மா. அவரிடம் நேரில் கத்த முடியாததால் வருகிற கத்தல் இது.

அன்று கிளம்பும்போது மகளிடம் ஒன்றை மட்டும் கேட்டேன். கடைசியாக எப்போது அங்கே போனாய் என்றேன். யோசித்தார். "பத்து வயசுல இருக்கும். செருப்பைக் கழட்டச் சொன்னாரு. சுட்டுச்சு. அழுதேன்," என்றார். கொத்தக்கா நாளை காலை அங்கே களையெடுக்கப் போகிறார். யாரும் சொல்லாமல் போகிறார். சார் இறந்த மறுநாளிலிருந்து அவருக்குக் கூலி எழுத யாரும் கையெழுத்துப் போடவில்லை. ஆனாலும் மழை பெய்திருக்கிறதே என்று போகிறார். தானும் கூட வருவதாக மகள் இன்று காலை என்னிடம் சொன்னார். மனம் மாறிவிட்டார் என்று இதற்கு யாரும் பொருள் எடுக்க வேண்டாம். "பாத்துட்டுத்தான் சொல்வேன் மாமா. அவசரப்படுத்தாதீங்க," என்றார். சரி என்றேன்.

ஆகவே அன்பர்களே, இரங்கல் கூட்டத்தில் உறுதிமொழி எடுப்பது வழக்கம். அவர் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று சொல்லிவிட்டுக் கலைந்து போவதும் வழக்கம். இந்த ஒரு பணியில் தொடர்வது என்றால் என்ன? எதையும் நடாமல் இருப்பது. எதையும் கொட்டாமல் இருப்பது. பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பொறுத்துக்கொள்வது. நம்மால் முடியுமா? நல்லது செய்யத் துடிக்கிற கையை அடக்கி வைப்பதைவிடக் கஷ்டமான வேலை இந்த நாட்டில் இல்லை போலிருக்கிறது.

மரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாசலிலிருந்து ஆய்வகம் வரை வருகிற பாதையின் மறுபக்கம் இருக்கிறது. காற்று பாத்தியிலிருந்து அந்தப் பக்கம்தான் வீசும் என்று பண்ணை மேலாளர் சொல்கிறார். சருகு பாத்திக்கு வராது. பன்னிரண்டு கன்றையும் அங்கே நடலாம். அந்த நிழலில் நின்றால் மூன்று பாத்தியும் கண்ணில் படும். இது என் யோசனை மட்டுமே. மகளிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போதுதான் அவரும் கேட்கிறார்.

என் பங்குக்கு நான் எடுக்கும் உறுதிமொழி இது. அவர் வேண்டாம் என்ற பலகையை நான் எழுதி வைக்கப் போகிறேன். வாழ்நாளில் அவர் பேச்சை மீறியதில்லை, இப்போது மீறுகிறேன். மிதிக்க வருகிறவனை வேலி தடுக்கட்டும். ஓவியரிடம் வாசகம் கொடுத்தாயிற்று: 'இது காலி இடம் அல்ல. நம் மண் எவ்வளவு வேகமாக இளைக்கிறது என்று இங்கே அளக்கிறோம். தயவுசெய்து எந்த உதவியும் செய்யாதீர்கள்.' செவ்வாய்க்கிழமை மாலைக்குள் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கொத்தக்காவின் கூலிக்குக் கையெழுத்துப் போடுவதாக இயக்குநர் இப்போது தலையசைக்கிறார். அதைச் சபை பார்த்தது. நானும் குறித்துக்கொண்டேன்.

இனி உறுதியாகாதவை. மொட்டை சார் மருத்துவமனையில் சேர்வதற்கு முன் கடைசியாகத் தன் கையால் துளை போட்டு எடுத்த மண் மாதிரிகள் ஆய்வகத்தில் உலர்ந்து, சலித்து, தயாராக இருக்கின்றன. அதன் முடிவு வெள்ளிக்கிழமை மாலை வரும் என்று ஆய்வகப் பொறுப்பாளர் சொல்கிறார். இழப்பு நின்றுவிட்டதா, இன்னும் இறங்குகிறதா என்று அவர் சாகும்வரை தெரிந்துகொள்ள நினைத்த எண் அது. நிர்வாகக் குழு புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கூடுகிறது. அதற்கு முன் தன் பதிலைச் சொல்வதாக மகள் சொல்லியிருக்கிறார். என்ன பதில் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் இன்னும் தெரியாது. வெள்ளிக்கிழமை வருவது வரிசையின் அடுத்த எண்ணா, கடைசி எண்ணா என்பது புதன்கிழமை தெரிந்துவிடும்.